கையைக் கழிக்க முடியாத வரி: இலங்கை நிதி அமைச்சருக்குத் திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

கௌரவ நிதி அமைச்சர் அவர்களுக்கும், வரிக் கொள்கையை வகுக்கும் அதிகாரிகளுக்கும்,

நவம்பர் 7 ஆம் திகதி பாராளுமன்றத்தில் வாசிக்கப்பட்ட 2026 வரவு செலவுத் திட்ட உரையில் எங்களைப் பற்றியும் ஓர் இடம் இருந்தது. வற் வரி என்ற பெறுமதி சேர் வரிக்கும் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரிக்கும் பதிய வேண்டிய ஆண்டு விற்பனை எல்லையை 6 கோடியிலிருந்து 3 கோடி 60 இலட்சமாக இறக்கப் போகிறீர்கள், ஏப்ரல் 1 முதல். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் என் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. சென்ற ஆண்டு என் விற்பனை 3 கோடி 78 இலட்சம் ரூபா.

கோடி என்றதும் கேட்பவருக்கு வேறு படம் வரும். என் மைத்துனரே இப்போது என்னை ‘கோடீஸ்வரன்’ என்றுதான் கூப்பிடுகிறார். 3 கோடி 60 இலட்சத்தை 365 ஆல் வகுத்துப் பாருங்கள், நாளுக்கு ஓர் இலட்சம் கூட வராது. ஒரு மீன் சோற்றுப் பார்சல் 400 ரூபா. நாளுக்கு 250 பார்சல் விற்றால் அந்த எல்லை வந்துவிடும். துறைமுகத்து வேலையாட்களும், ஓட்டோக்காரரும், கந்தோர்ப் பிள்ளைகளும் மத்தியானம் வரிசையில் நிற்கும் எந்தச் சோற்றுக் கடையிலும் 250 பார்சல் ஒரு சாதாரண நாள்.

அந்த விற்பனை எங்கே போகிறது என்று சொல்கிறேன். 100 ரூபா வந்தால் 54 ரூபா அரிசி, மீன், மரக்கறி, தேங்காய், எண்ணெய்க்குப் போகிறது. 18 ரூபா ஆட்களுக்கு. காஸ், மின்சாரம், தண்ணீருக்கு 9. வாடகை, பார்சல் சுற்றும் லஞ்ச் ஷீட், பெட்டி, திருத்த வேலைகளுக்கு 10. மிச்சம் 9 ரூபா. அந்த 9 இல்தான் என் வீடும், பிள்ளைகளின் படிப்பும், கடைக் கடனும். அதற்கு வருமான வரியும் கட்டுகிறேன், ஒவ்வோர் ஆண்டும். வரி கட்டாதவன் எழுதும் கடிதம் என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம்.

இப்போது வற் வரிக்குள் வந்தால் என்ன ஆகும்? விலையைக் கூட்டாமல் அதே 100 ரூபாவுக்கு விற்றால் அதற்குள் 18 வீத வரி என்பது 15 ரூபா சொச்சம். நான் வாங்கும் சாமான்களில் ஏற்கனவே கட்டிய வற் வரியைக் கழிக்கலாம் என்பது சட்டம். சரி, கழிப்போம். காஸில் கழிக்கலாம், 2024 தை மாதத்திலிருந்து அதற்கு வற் வரி இருக்கிறது. லஞ்ச் ஷீட்டில், சோடாப் போத்தலில், சவர்க்காரத்தில் கழிக்கலாம். எல்லாம் கூட்டினாலும் 3 ரூபா தேறும். மிச்சம் 12 கட்ட வேண்டும். சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி இரண்டரை வீதம் தனியாக, அது ஏறத்தாழ 2 ரூபா. மொத்தம் 14. என் கையில் மிஞ்சுவது 9 என்று மேலே சொன்னேன். கணக்கு இவ்வளவுதான்.

விலையைக் கூட்டலாமே என்பீர்கள். 400 ரூபாப் பார்சலை 460, 470 என்று ஆக்கலாம். எதிர்ப்பக்கத்துக் கடையில் அதே பார்சல் 400 ரூபாவுக்கு இருக்கும். அந்தக் கடை என்னைவிடச் சின்னதாக இருக்கலாம், அல்லது பில் போடாத கடையாக இருக்கலாம். பசியோடு நிற்கும் ஓட்டோக்காரர் அதை விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார்.

ஏன் எங்களுக்குக் கழிக்க எதுவும் இல்லை என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்த மடலை எழுதத் தூண்டியதே அந்த விஷயம்தான்.

காலை ஐந்தரைக்கு சல்லிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி மோட்டார் சைக்கிளில் ரெஜிபோம் பெட்டியோடு மீன் கொண்டு வருவார். சூரை, பாரை, அதிர்ஷ்டம் இருந்தால் விளைமீன். போன கிழமை அவரிடம் “தம்பி, இனிமேல் பில் ஒன்று தர முடியுமா?” என்று கேட்டுப் பார்த்தேன். “பில்லோ? மீனுக்கோ?” என்று சிரித்துவிட்டு, செதில் ஒட்டிய கையால் சிகரெட் பெட்டி மட்டையைக் கிழித்து ‘பாரை 14 கிலோ’ என்று எழுதித் தந்தார். அதை இன்னும் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன். அவர் பிழையாக ஒன்றும் செய்யவில்லை. இங்கே பிடித்த பச்சை மீனுக்கு வற் வரி இல்லை, அது நல்ல விஷயம்தான். ஆனால் அந்த மீன் என் அடுப்பில் ஏறி இறங்கியதும் அதன் முழு விலைக்கும் சேர்த்து வரி வருகிறது, கழிப்பதற்கோ ஒரு சதமும் இல்லை.

சாம்பல்தீவிலிருந்து அக்கா தங்கை இருவர் தினமும் 600 இடியப்பம் அவித்துக் கொண்டு வருகிறார்கள். ஒன்று 12 ரூபா, நாளுக்கு 7,200. அந்த இரண்டு வீட்டு அடுப்பும் அந்தக் காசில்தான் எரிகிறது. போன மாதம் இடியப்ப மெஷின் விற்கும் ஒருவர் கடைக்கு வந்தார். மெஷின் ஆறு இலட்சம், அதற்கு மேல் வற் வரி ஒரு இலட்சத்து எட்டாயிரம். “நீங்கள் வற் வரிக்குப் பதிந்துவிட்டால் இந்த ஒரு இலட்சத்து எட்டாயிரத்தையும் திரும்பக் கழிக்கலாம் ஐயா” என்றார். அவர் சொன்னது சரி. மெஷினுக்குக் கட்டிய வரியைக் கழிக்கலாம். அக்காவின் கையைக் கழிக்க முடியாது.

இதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். பெறுமதி சேர் வரி என்பது ஒருவர் தன் இடத்தில் சேர்த்த பெறுமதிக்கான வரி. ஒரு சோற்றுக் கடையில் சேர்க்கப்படும் பெறுமதி என்ன? தேங்காய் துருவும் கை, மீன் வெட்டும் கை, கொத்து ரொட்டி போடும் கை. ஆகவே எங்களைப் போன்ற கடைகளில் இந்த வரி விழும் இடம் சம்பளமும், முதலாளிக்கு மிஞ்சும் கொஞ்சமும்தான். பெட்டி பெட்டியாகச் சாமான் வாங்கி விற்பவருக்கு அநேகமாக எல்லாவற்றையும் கழிக்கலாம். ஆட்களை வைத்துச் சமைப்பவனுக்குக் கழிக்க ஒன்றுமில்லை. வேலைவாய்ப்புப் பற்றி அதே உரையில் பேசியிருக்கிறீர்கள். வேலை கொடுப்பவனிடம்தான் இந்த வரி மற்றவரைவிட அதிகமாக எடுக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது எங்கள் ஊருக்கே உரிய சிக்கல். கொழும்பில் வருடம் முழுக்க ஒரே மாதிரி வியாபாரம் நடக்கலாம். திருமலையில் வெள்ளைக்காரர் வருவது சித்திரைக்குப் பிறகு. உப்புவெளியும் நிலாவெளியும் நிரம்பி வழிவது யூலை, ஓகஸ்டில். புரட்டாதி முடிந்தால் சனம் குறையும். இதை எழுதும்போது வெளியே மாரி மழை கொட்டுகிறது, மாலை ஆறு மணிக்கு மூன்று பேர் பிளேன்டீ குடிக்கிறார்கள். என் விற்பனை பருவ மாதம் ஒன்றுக்கு 42 இலட்சம், மற்ற மாதம் ஒன்றுக்கு 24 இலட்சம்.

இப்போதுள்ள சட்டத்தில் ஆண்டு எல்லை மட்டும் இல்லை, காலாண்டு எல்லையும் இருக்கிறது: மூன்று மாதத்தில் ஒன்றரைக் கோடியைத் தாண்டினாலும் பதிய வேண்டும். அதே விகிதத்தில் இறக்கினால் புதிய காலாண்டு எல்லை 90 இலட்சம் ஆகும். உப்புவெளியில் என் நண்பர் ஒருவரின் கடைக்கு ஆண்டு விற்பனை 3 கோடி கூட இல்லை, உங்கள் புதிய எல்லைக்கும் கீழே. ஆனால் யூலை முதல் செப்டெம்பர் வரை மட்டும் ஒரு கோடியைத் தாண்டும். மிச்ச ஒன்பது மாதம் அவர் ஈ ஓட்டுவதை அந்தக் காலாண்டுக் கணக்கு பார்க்காது.

எனக்கு அந்த மூன்று மாத விற்பனை 1 கோடி 26 இலட்சம். 90 இலட்சத்துக்குக் கீழே நிற்க வேண்டுமென்றால் ஒரே வழி, பருவத்தில் பின்னேரக் கொத்தை நிறுத்துவது. கடையில் நிரந்தரமாக எட்டுப் பேர், பருவத்தில் பன்னிரண்டு. அந்த நாலு பேரும் பின்னேரத்துக்காக வருகிறவர்கள். மூதூரிலிருந்து இருவர், கிண்ணியாவிலிருந்து ஒருவர், தம்பலகாமத்திலிருந்து ஒருவர். வேளாண்மை வேலை இல்லாத மாதங்களில் அவர்களுக்கு இதுதான் வருமானம். கொத்துத் தட்டின் சத்தம் நின்றால் அரசாங்கத்துக்கு என்னிடமிருந்து ஒரு ரூபா வற் வரியும் வராது, அந்த நால்வருக்கும் வேலை இராது. இப்படி ஒரு முடிவை நான் எடுக்க விரும்பவில்லை. ஆனால் கணக்குப் புத்தகம் அந்தப் பக்கம்தான் கையைக் காட்டுகிறது.

இனி, நீங்கள் சொல்லக்கூடிய பதில்களையும் நான் யோசித்துப் பார்த்தேன்.

நாட்டுக்கு வருமானம் வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். 2019 டிசம்பரில் வற் வரியை 15 இலிருந்து 8 வீதமாக வெட்டினார்கள், அடுத்த மாதம் பதிவு எல்லையை ஆண்டுக்கு 30 கோடியாக உயர்த்தினார்கள். எங்களுக்கு அப்போது இனித்தது, கடைக்கு இனிப்பும் வாங்கிக் கொடுத்தேன், மறைக்கவில்லை. 2022 இல் அதன் பலனை அனுபவித்தோம். காஸ் இல்லாமல் இரண்டு மாதம் பின்வளவில் விறகில் சமைத்தேன். அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம். வரியைத் திரும்ப 12, 15, கடைசியில் 18 என்று ஏற்றினார்கள். எல்லையை 8 கோடி, பிறகு 6 கோடி என்று இறக்கினார்கள். நாங்கள் வாய் திறக்கவில்லை. திறைசேரி காலியானால் முதலில் பட்டினி கிடப்பது யார் என்று எங்களுக்குத் தெரியும்.

2019 க்கு முன் எல்லை 1 கோடி 20 இலட்சமாகத்தானே இருந்தது என்றும் கேட்கலாம். ஆமாம், இருந்தது. அப்போது எப்படிச் சமாளித்தார்கள் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: முன் கடை அண்ணன் பெயரில், பின் சமையலறை மனைவியின் பெயரில், பேக்கரி மச்சான் பெயரில். ஒரே கூரைக்குக் கீழே மூன்று வியாபாரப் பெயர். அந்தக் கூத்துக்கு நாங்கள் திரும்ப வேண்டுமா?

இதில் இன்னொன்றும் இருக்கிறது, பலர் கவனிக்காதது. விற்பனையை ஒளிக்க நினைப்பவன் முதலில் ஆட்களை ஒளிக்க வேண்டும். பன்னிரண்டு பேருக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டும் கடையைப் பார்த்தாலே விற்பனை எவ்வளவு என்று எந்த அதிகாரியும் கணக்குப் போட்டுவிடுவார். ஆகவே எல்லையைக் கொண்டுவந்து எங்கள் கழுத்தில் வைத்தால் பலர் செய்யப் போகும் முதல் காரியம், ஆட்களைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுவது. நான் அதைச் செய்ததில்லை. சம்பளத்தில் என் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், அவர்கள் பங்கு 8 வீதம், மாதாமாதம் போகிறது. பருவத்துக்கு வரும் பொடியன் ஒருவன் ஒவ்வோர் ஆண்டும் கேட்பான்: “அண்ணை, அந்த எட்டையும் சேர்த்துக் கையில தாங்கோ, ஆருக்குத் தெரியப் போகுது?” ஒவ்வோர் ஆண்டும் அவனோடு சண்டை பிடித்துத்தான் கட்டுகிறேன். இனிமேல் அந்தச் சண்டையை நானே விட்டுக்கொடுக்கும் நிலைக்கு என்னைக் கொண்டுவராதீர்கள்.

ஆகக் குறைந்த சம்பளத்தைப் பற்றி ஒரு சொல். அது இவ்வாண்டு ஏப்ரலில் 17,500 இலிருந்து 27,000 ஆனது, வரும் தையில் 30,000 ஆகிறது. சில முதலாளிகள் இதைக் குறை சொல்கிறார்கள், நான் சொல்ல மாட்டேன். 30,000 ரூபாவில் திருமலையில் ஒரு குடும்பம் எப்படிச் சீவிக்கும்? என் கடையில் பாத்திரம் கழுவுபவருக்கும் அதைவிடக் கூடத்தான். என் முறைப்பாடு வேறு: சம்பளத்தைக் கூட்டு என்று ஒரு கையால் சொல்கிறீர்கள், அந்தச் சம்பளத்துக்கே மற்றக் கையால் 18 வீதம் விலை வைக்கிறீர்கள்.

பெரிய முதலீடுகளுக்கு நீங்கள் காட்டும் பொறுமையையும் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். 2008 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மூலோபாய அபிவிருத்திக் கருத்திட்டச் சட்டத்தில் 25 ஆண்டு வரை வரிவிலக்குக் கொடுக்க இடமிருக்கிறது. கொழும்புத் துறைமுக நகரச் சட்டத்தில் 40 ஆண்டு வரை. வேலை கிடைக்கும் என்பதுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது. எங்களுக்கு 40 ஆண்டு வேண்டாம். பன்னிரண்டு பேருக்கு வேலை கொடுப்பவனுக்கும் அதே காரணத்தை ஒருமுறை பொருத்திப் பாருங்கள்.

பதிவது என்றால் வரி மட்டும் இல்லை, அலைச்சலும் சேர்ந்து வரும். இப்போதே உள்ளூராட்சி வியாபார உரிமம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், தராசு முத்திரை, தொழில் அலுவலகம், வருமான வரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கடையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு ஓடுகிறேன். சென்ற ஆண்டு ஓர் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது, முழுக்கச் சிங்களத்தில். அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். சீனக்குடாவில் வேலை செய்யும் வாடிக்கையாளர் ஒருவர் சோறு சாப்பிட்டுக்கொண்டே அதை வாசித்து, பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார். பதில் கொடுக்க வேண்டிய நாள் ஆறு நாளைக்கு முன்பே முடிந்திருந்தது. அவர் விரலிலிருந்த மீன் குழம்பு கடிதத்தின் ஓரத்தில் பட்டுவிட்டது, அந்தக் கறையோடேயே பிரதி எடுத்துப் பதில் அனுப்பினேன். தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பில் எழுதப்பட்டது. வடக்கு கிழக்கில் நிர்வாக மொழியே தமிழ்தான். காலாண்டுக்கு ஒரு தரம் வற் வரி அறிக்கை கொடுக்க வேண்டியவனுக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால் அதன் தண்டப்பணம் யாருடைய கணக்கில் சேரும்?

ஆகவே நான் கேட்பவை இவை.

உணவகங்களையும் கையால் வேலை நடக்கும் மற்றச் சிறு தொழில்களையும் ஏப்ரல் 1 மாற்றத்திலிருந்து விலக்கி, 6 கோடி எல்லையை அவற்றுக்கு அப்படியே விடுங்கள். அது முடியாது என்றால் 3 கோடி 60 இலட்சத்துக்கும் 6 கோடிக்கும் இடைப்பட்டவர்களிடம் இரண்டு வரிக்கும் பதிலாக விற்பனையில் ஒரு சிறு வீதத்தை மட்டும் வாங்குங்கள். இந்தியாவில் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி இந்திய ரூபா வரை விற்கும் சிறு உணவகம் விரும்பினால் விற்பனையில் 5 வீதத்தைக் கட்டிவிட்டுப் போகலாம், கழிவும் கேட்க முடியாது, நுணுக்கக் கணக்கும் தேவையில்லை. அங்கே வழமையான முறையில் உணவகத்துக்கான வரியே எங்களுடையதைவிடக் குறைவு, ஆகவே 5 ஐ அப்படியே இங்கே கொண்டுவர வேண்டாம். 3 வீதம் கேளுங்கள். என் ஒரு கடையிலிருந்தே ஆண்டுக்கு 11 இலட்சத்துக்கு மேல் வரும், முகம் சுளிக்காமல் கட்டுவேன்.

காலாண்டு எல்லையைப் பருவ வியாபாரத்துக்கு எடுத்துவிடுங்கள். பன்னிரண்டு மாதக் கூட்டுத்தொகையை மட்டும் பாருங்கள். திருமலைக்கு மட்டுமல்ல, அறுகம்பேக்கும் பாசிக்குடாவுக்கும் இதே கதைதான்.

பதிந்தே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தால், ஊழியர் சேமலாப நிதிக்கும் நம்பிக்கை நிதிக்கும் முதலாளி உண்மையில் கட்டிய 15 வீதத்தை வற் வரியிலிருந்து கழிக்க அனுமதியுங்கள். ஆட்களைப் புத்தகத்தில் வைத்திருப்பவனுக்கு அதனால் ஒரு நன்மையாவது இருக்கட்டும். மெஷினுக்குக் கொடுக்கும் கழிவில் ஒரு பங்கைக் கைக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எல்லையை எங்கள் மட்டத்துக்கு இறக்குவதற்கு முன், ஏற்கனவே 6 கோடிக்கு மேலே இருந்துகொண்டு பதியாதவர்களைப் பிடியுங்கள். அவர்கள் யாரென்று கண்டுபிடிக்க அதிகாரிகள் மத்தியானம் பன்னிரண்டரைக்கு ஊருக்குள் ஒரு சுற்று வந்தாலே போதும்.

கடிதம், படிவம், இணையத்தில் நிரப்பும் பக்கம் எல்லாம் தமிழில் வேண்டும். தமிழில் வராத அறிவித்தலுக்குத் தண்டப்பணம் அறவிடக் கூடாது என்று எழுத்தில் ஒரு கட்டளை தாருங்கள். பதிய வேண்டியவர்களுக்கு உதவ, மாதத்தில் இரண்டு நாளாவது தமிழ் தெரிந்த ஓர் அலுவலரைத் திருமலையில் உட்கார வையுங்கள்.

ஒரு திகதியும் கேட்கிறேன். பருவத்துக்கு ஆள் எடுப்பது பங்குனியில். மாசி கடைசியிலேயே மூதூரிலிருந்து தொலைபேசி வரத் தொடங்கிவிடும், “இந்த முறையும் வரட்டா அண்ணை?” என்று. பெப்ரவரி 15 க்கு முன் உங்கள் முடிவை அறிவியுங்கள். அந்த நாலு பேருக்கும் நான் ஒரு பதில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
திருகோணமலையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரன்
நவம்பர் 2025